ஆறு நிமிட நடையை நம்பி அறுவை சிகிச்சையை ஒத்திவைத்தது குறித்து

அனுப்புநர்
ஆய்வுப் பங்கேற்பாளர் ஒருவரின் அக்கா,
நாளிதழ்ச் செய்தியாளர்.
(பெயரும் முகவரியும் தனி உறையில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழு,
நெஞ்சக மருத்துவமனை.

பொருள்: நுரையீரல் தமனிகளில் கரையாத இரத்தக் கட்டிகளால் உயர் அழுத்த நோய் கண்டவர்களுக்கான மாத்திரை ஆய்வு – நடைத் தூரத்தை மட்டும் கொண்டு அறுவை சிகிச்சையை ஒத்திவைத்தது – என் தம்பியை உடனே அறுவைக் குழுவின் முன் கொண்டுவர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் குழுவின் அனுமதியோடு இம்மருத்துவமனையில் நடந்துவரும் மேற்படி ஆய்வில் என் தம்பி ஒரு பங்கேற்பாளர். பங்கேற்பாளர்களின் பெயர் வெளியில் வரக் கூடாது என்பது ஆய்வின் விதி என்பதால் இம்மனுவில் யார் பெயரையும் எழுதவில்லை. என் பெயரை எழுதினாலே அவர் யாரென்று விளங்கிவிடும். நான் பல ஆண்டுகளாகச் செய்தியாளராக இருப்பவள். இருந்தும் இதைச் செய்தியாக எழுதவில்லை. எழுதினால், இந்நோய் கண்ட மற்றவர்கள் ஆய்வு என்ற சொல்லைக் கேட்டாலே ஓடுவார்கள். அவர்கள் ஓடக் கூடாது. மேலும், செய்தி வந்தால் விளக்கம் வரும், விளக்கத்துக்கு மறுப்பு வரும். தம்பியின் உடம்பு அதுவரை தாங்காது.

2. தம்பி லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வேலையில் கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்தபோது, காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது. மருந்து கொடுத்தார்கள், பிழைத்தார், வேலைக்கும் திரும்பினார். அதன் பிறகுதான் மூச்சு வாங்கத் தொடங்கியது. மாடிக்கு மேல் மோட்டார் அறைக்குப் போகும் இரும்பு ஏணியில், கருவிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பாதியில் நின்றிருக்கிறார். பார்த்த மருத்துவர்களில் ஒருவர் சிகரெட்டை விடச் சொன்னார். தம்பி சிகரெட்டைத் தொட்டதே இல்லை. இன்னொருவர் வயதாகிறது என்றார். கட்டிகள் முழுதாகக் கரையாமல் தழும்பாகி நுரையீரல் தமனிகளை உள்ளிருந்து அடைத்திருப்பதையும், அதை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் வீங்கிவருவதையும் கண்டுபிடித்தவர் இந்த ஆய்வின் தலைமை மருத்துவரே. அதற்கு எங்கள் குடும்பம் அவருக்கு நன்றிக்கடன் பட்டது. இம்மனுவில் எந்த இடத்திலும் அவரை நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை.

3. இந்நோய்க்கு முதன்மையான வைத்தியம் அறுவை சிகிச்சை என்றும், தமனிகளைத் திறந்து அந்தத் தழும்பை உரித்து எடுத்துவிட்டால் பலருக்கு அழுத்தம் இறங்கிவிடும் என்றும், தம்பி அதற்கு ஏற்றவர் என்றும் அப்போதே எங்களிடம் சொன்னார்கள். அறுவைக்கு முன் சில மாதங்கள் ஒரு மாத்திரை கொடுத்து அழுத்தத்தைக் குறைத்தால் அறுவை பாதுகாப்பாக முடியுமா என்று அறிவதே இந்த ஆய்வு. பாதிப் பேருக்கு மாத்திரை. பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. முடிவில் எல்லோருக்கும் அறுவை. இதைத் தெளிவாகவே விளக்கினார்கள். தம்பியும் சம்மதித்தார்.

4. தம்பிக்கு அறுவை என்றால் பயம். இதை நான் மறைக்க முடியாது. மறைத்தால் பின்னால் வரும் எதுவும் தங்களுக்கு விளங்காது. அந்த அறுவை எப்படி நடக்கும் என்று அவருக்கு ஒரே ஒரு முறைதான் சொல்லப்பட்டது. உடம்பைக் குளிர வைத்து, இதயத்தை நிறுத்தி, இரத்த ஓட்டத்தையும் சிறிது நேரம் நிறுத்திச் செய்வார்கள் என்றார்கள். சொன்னவர் வேறொரு நோயாளியைப் பார்க்கப் போகும் அவசரத்தில், நின்றபடியே சொன்னார். வீட்டுக்கு வந்து தம்பி சொன்னது இது: "நின்ன மோட்டார் திரும்ப எடுக்கும்னு நானே யாருக்கும் எழுதிக் குடுத்ததில்லை. இவங்க என் நெஞ்சையே நிறுத்தறேங்கறாங்க." அவர் மனைவி சிரித்துப் பார்த்தார், அழுதும் பார்த்தார். அந்தப் பேச்சைத் தம்பி அதன் பிறகு எடுக்கவே விடவில்லை.

5. ஆய்வில் ஒவ்வொரு முறையும் ஒரு நடைப் பரிசோதனை உண்டு. இரண்டாம் தளத்து நீண்ட நடைகூடத்தின் இரு முனைகளிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்திருப்பார்கள். ஆறு நிமிடங்களுக்குள் அவற்றுக்கிடையே எவ்வளவு தூரம் நடக்க முடிகிறதோ அவ்வளவு நடக்க வேண்டும். பரிசோதிப்பவர் கைக்கடிகாரத்தோடு நிற்பார். எழுதிக் கொடுத்த சில வாக்கியங்களைத் தவிர வேறு எதையும் அவர் சொல்லக் கூடாது. ஆய்வின் தொடக்கத்தில் ஒருவருக்கு நடைத் தூரம் மிகவும் குறைந்துவிட்டது. நிலைமை மோசமாகிறது என்று அவரை ஆய்விலிருந்து எடுத்து அவசரமாக அறுவைக்கு அனுப்பினார்கள். மருத்துவப்படி அதுவே சரி. ஆனால் நடைகூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. நடை குறைந்தால் மேசை. அறுவையை அவர்கள் மேசை என்றுதான் சொல்வார்கள். நடை கூடினால் மாத்திரை தொடரும். அன்றிலிருந்து அந்த நடை அவர்களுக்குத் தேர்வாகிவிட்டது. நோயின் அளவு காட்டும் சோதனையாக இல்லை.

6. தேர்வு என்றால் பயிற்சி கொடுக்க ஒருவர் வந்துவிடுவார் அல்லவா? இங்கே வந்தவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர், அவரும் பங்கேற்பாளர். எல்லோரும் அவரை "கிளட்ச்" என்றே கூப்பிட்டார்கள், அவர் மனைவி உட்பட. நடைக்கு முந்தின நாள் முழுதும் எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது. மருத்துவமனை வாசலிலிருந்து சக்கர நாற்காலியில்தான் வர வேண்டும். நடைகூடத்துக் கதவு வந்ததும் இறங்கி, நாற்காலியை வெளியிலேயே விட்டுவிட வேண்டும். கூம்பில் திரும்பும்போது வேகம் எடுக்கக் கூடாது. "முதல்ல ரெண்டாவது கியர்லயே போங்க. யாரும் முந்தினா முந்தட்டும். கடைசி நிமிஷம் மட்டும் மிதிங்க." இதுதான் அவர் பாடம். இதில் மருந்தை மாற்றியது, அளவைத் திருத்தியது என்று எதுவுமில்லை. ஆறு நிமிடத்துக்காக ஒருநாள் மூச்சைச் சேர்த்துவைத்தார்கள், அவ்வளவுதான். அது தப்பு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. நல்ல நோயாளியாக இருக்கிறோம் என்றே நினைத்தார்கள்.

7. எனக்கு இது தெரியவந்தது தற்செயலாக. தம்பி மனைவி ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறார். அவருக்கு விடுப்பு கிடைக்காத ஒருநாள் நான் துணைக்குப் போனேன். வழியெல்லாம் நான் எதைக் கேட்டாலும் தம்பி உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கோபமோ என்று நினைத்தேன். மருத்துவமனைக்குள் இன்னொரு சக்கர நாற்காலியிலிருந்து கிளட்ச் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அக்கா, அவரைப் பேச வைக்காதீங்க. பெட்ரோல் வீணாப் போகும்." கதவருகே இருவரும் இறங்கினார்கள். கிளட்ச் கூம்பின் அருகே நின்று, "ஹாரன் அடிங்கம்மா, வண்டி கிளம்புது" என்றதும் பரிசோதிக்கும் பெண் சிரித்துவிட்டார். பிறகு எழுதிக் கொடுத்த வாக்கியத்தை ஒப்பித்தார்: "நன்றாக நடக்கிறீர்கள். இன்னும் ஐந்து நிமிடங்கள் உள்ளன." தம்பி அன்று முந்தைய முறையைவிட அறுபது மீட்டர் கூடுதலாக நடந்தார். ஆய்வின் தலைமை மருத்துவர் தன் அறையிலிருந்து வெளியே வந்து தோளில் தட்டி, "நீங்கதாங்க எங்க குதிரை. இந்த மாத்திரைக்கு உங்களைவிடப் பெரிய விளம்பரம் வேணுமா?" என்றார். அவர் மகிழ்ச்சி உண்மையானது.

8. அதன் பிறகு நடந்ததை மருத்துவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். மூச்சு எப்படி இருக்கிறது என்று பரிசோதிக்கும் பெண் எண்கள் எழுதிய அட்டையை நீட்டிக் கேட்டதற்கு, கொஞ்சம் வாங்குகிறது என்ற அளவுக்கான எண்ணைத் தம்பி விரலால் காட்டினார். வாயால் சொல்லியிருந்தால் குரலே காட்டிக்கொடுத்திருக்கும். விரலில் மாட்டிய கருவியில் பிராணவாயுவின் அளவு வெகுவாக இறங்கியிருந்தது. பரிசோதிக்கும் பெண் அதைக் குறித்துக்கொண்டார். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கதவைத் தாண்டியதும் தம்பி சக்கர நாற்காலிவரை போகவில்லை. தீயணைப்புக் கதவுக்குப் பின்னாலிருக்கும் படிக்கட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. வாந்தி எடுத்தார். பக்கத்துப் படியில் கிளட்ச் கைப்பிடிக் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். அது அவர்கள் வழக்கமாக உட்காரும் இடம் என்று அப்போது புரிந்தது. துப்புரவுப் பணியாளர் எதுவும் கேட்காமல் வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

9. வீட்டு நிலைமையையும் தாங்கள் அறிய வேண்டும். தம்பி குடியிருப்பது மூன்றாம் மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அவரோடு வேலை பார்ப்பவர்கள் இதை வைத்து எப்போதும் கேலி செய்வார்கள். இப்போது படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் மனைவி ஒரு முக்காலி போட்டிருக்கிறார். வழியை அடைக்கிறது என்று முறையிட்ட கீழ்வீட்டுக்காரரே, பிறகு ஒரு முக்காலிக்கு மெத்தை வைத்துத் தைத்துக் கொடுத்தார். தம்பியால் மல்லாந்து படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார். கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறது. சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் நடுவில் ஒருமுறை நிறுத்திக்கொள்கிறார். இந்த நிலையில் இருப்பவரைத்தான் நடைகூடத்தில் குதிரை என்கிறார்கள்.

10. ஆய்வின் முதல் கட்டம் முடிந்ததும் அறுவைக்குத் தேதி குறிப்பார்கள் என்று இருந்தோம். அதற்குப் பதிலாக, நடைத் தூரம் நன்றாக உயர்ந்தவர்களுக்கு உண்மையான மாத்திரையையே கொடுத்து நீட்டிப்புக் கட்டம் தொடங்கினார்கள்; அறுவை "பின்னர் முடிவு செய்யப்படும்" ஆனது. தம்பியிடம் கேட்டார்கள். அவர் மறுபேச்சு இல்லாமல் ஒப்புக்கொண்டார். கழுத்து இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி நுரையீரல் தமனியின் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் வடிகுழாய்ப் பரிசோதனை ஆய்வின் தொடக்கத்தில் செய்யப்பட்டது. முதல் கட்டத்தின் முடிவில் தம்பிக்கு அது செய்யப்படவில்லை. இவ்வளவு நன்றாக நடப்பவரை எதற்காகத் துன்புறுத்த வேண்டும் என்று கருணையோடு அதை விருப்பத்துக்கு விட்டார்கள். தம்பி வேண்டாம் என்றார். அழுத்தம் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. மாத்திரை அவருக்கு வேலை செய்கிறதா என்பதும் அதனாலேயே தெரியாது. தூரம் மட்டும் தெரியும். அந்தத் தூரம் எப்படி வந்தது என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

11. நான் ஆய்வு மருத்துவரைச் சந்தித்து இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு தம்பியை உள்ளே கூப்பிட்டு, "அக்கா சொல்றது நிஜமா? உடம்புக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டார். "நல்லா இருக்கேன் சார். அக்காவுக்கு எதைப் பார்த்தாலும் பயம்" என்றார் தம்பி. காவல் நிலையத்துக்கும் பிணவறைக்கும் செய்திக்காக அலைந்தே தலை நரைத்தவள் நான். அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். மருத்துவமனையின் குறைதீர்ப்புப் பிரிவில், பங்கேற்பாளர் தானே புகார் செய்தால்தான் பதிவு செய்ய முடியும், உறவினர் செய்ய முடியாது என்றார்கள். அந்த விதியின் நியாயம் எனக்குப் புரிகிறது. என்றாலும் பயந்தவர் தானாக வந்து புகார் செய்வார் என்று எதிர்பார்க்கும் விதி அது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

12. இதற்குப் பிறகு, தம்பியைப் போலவே நீட்டிப்புக் கட்டத்தில் இருந்த கிளட்ச் இறந்துபோனார். அதற்கு முந்தின வாரம் நடந்த பரிசோதனையில் அவர் நடந்த தூரம் அதுவரை அவர் நடந்ததிலேயே அதிகம். நடைகூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பயிற்சிக்கு வந்த ஒருவர் காரின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்து அழைப்பு மணியை அழுத்தியிருக்கிறார். கதவைத் திறக்க எழுந்தவர், பாதி வழியில் மயங்கி விழுந்தார். பிறகு எழவில்லை. நாங்கள் போனபோது வாசலில் பயிற்சிக் கார்கள் வரிசையாக நின்றிருந்தன. கற்றுக்கொண்டிருந்தவர்கள் ஓரமாகக் கைகட்டி நின்றார்கள். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன வாரம்தானே அவ்வளவு நல்லா நடந்தார்னு கைதட்டினாங்க? வீட்டுக்கு வந்து என்கிட்ட ஸ்வீட் வாங்கித் தரச் சொன்னாரே" என்றார். ஒன்றை மட்டும் இங்கே பணிவோடு குறிப்பிடுகிறேன். அவருடைய அந்தக் கடைசித் தூரம், மாத்திரை பலன் தந்ததற்கான சான்றாகத் தங்கள் ஆய்வில் இந்நேரம் சேர்ந்திருக்கும்.

13. அங்கிருந்து திரும்பி வந்த தம்பி, வீட்டுப் படிக்கட்டின் இரண்டாவது முக்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மூச்சுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நானும் அவர் மனைவியும் காத்திருந்தோம். அப்போதுதான் அவர் சொன்னார்: "அக்கா, அவர் என்னைவிட நல்லா நடந்தார்."
அதன் பிறகு, "எழுது. நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார். குறைதீர்ப்புப் பிரிவு கேட்ட பங்கேற்பாளரின் புகார் இதுவே.

14. பயம் போய்விட்டது என்று நான் எழுதினால் அது பொய். அறுவைக் குழு வெளியூர் அறுவை மருத்துவர் வரும்போது மட்டுமே கூடுகிறது. இந்த மாத இறுதியில் கூடவிருக்கிறது. பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் தம்பியைச் சேர்க்கும்படி ஆய்வு அலுவலகத்தில் கேட்டேன். அடுத்த நடைப் பரிசோதனையில் தூரம் குறைந்தால் பார்க்கலாம் என்றார்கள். குறையாவிட்டால் அடுத்த கூட்டம். அது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அறுவையைத் தாங்க இதயத்தில் கொஞ்சமாவது வலு மிச்சம் இருக்க வேண்டும் என்று தொடக்கத்தில் எங்களுக்குச் சொன்னதும் இதே மருத்துவமனைதான். அந்த மிச்சத்தைத்தான் தம்பி ஒவ்வொரு முறையும் நடைகூடத்தில் செலவழித்துவிட்டு வருகிறார்.

15. ஆகவே தங்களிடம் வேண்டுவது இதுதான். தம்பிக்கு வடிகுழாய்ப் பரிசோதனையை உடனே செய்து, அதன் முடிவோடும் புதிய ஸ்கேன் படங்களோடும் இந்தக் கூட்டத்திலேயே அவரை அறுவைக் குழுவின் முன் கொண்டுவர உத்தரவிட வேண்டும். அறுவை மருத்துவர் அவர் எதிரில் உட்கார்ந்து, நிறுத்திய இதயத்தை எப்படித் திரும்ப இயக்குவார்கள் என்பதை, இயந்திரம் அறிந்த ஒருவருக்குச் சொல்லும் விதத்தில் விளக்க வேண்டும். அதையெல்லாம் கேட்ட பிறகு அவர் எடுக்கும் முடிவு எதுவானாலும் நாங்கள் ஏற்றுக்கொள்வோம். நீட்டிப்புக் கட்டத்தில் உள்ள மற்றவர்களும் அந்த நடைகூடத்துக்கு எப்படி வந்து சேர்கிறார்கள், அங்கிருந்து எப்படி வெளியேறுகிறார்கள் என்பதை யாராவது போய்ப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரரின் தூரம் எப்படி வந்தது என்பதை அறிந்த பின்னரே அது கணக்கில் சேர வேண்டும். ஆய்வை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. அந்த மாத்திரை நல்ல மாத்திரையாகவே இருக்கலாம். அது நல்லதா இல்லையா என்பதையாவது உண்மையாக அறிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன். தம்பியும் கிளட்சும் தங்கள் உடம்பைக் கொடுத்தது அதற்காகத்தான்.

16. அடுத்த நடைப் பரிசோதனைக்கு அழைப்பு வந்துவிட்டது. இம்மனுவில் கையெழுத்துப் போட்ட அதே மனிதர் அன்றைக்கும் வருவார். கூம்பின் அருகே நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தால் நன்றாகத்தான் நடப்பார். வேறு மாதிரி நடக்க அவரால் இனி முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனவே, ஐயா, அன்று அவரை நடக்கச் சொல்ல வேண்டாம். படுக்க வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

நாள்: மார்ச் 9
இடம்: உறையில் கண்ட முகவரி

(ஒப்பம்)
பங்கேற்பாளரின் அக்கா

மேலே எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் சரி. குதிரை என்று கூப்பிட்டதில் எனக்கு வருத்தமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளவும்.

(ஒப்பம்)
பங்கேற்பாளர்